தாச்சி



தை பிறந்து சம்பா அறுவடை முடிந்த பிறகு, தஞ்சை வளநாட்டின் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் மாலைப் பொழுதிலே ஒரு குரல் கேட்கும். மூச்சை அடக்கி, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப உச்சரித்துக்கொண்டு, ஓர் இளைஞன் எதிராளிகளின் எல்லைக்குள் பாடிச் செல்லும் குரல் அது. சடுகுடு என்று நம் முன்னோர் அழைத்த அந்த ஆட்டத்தை இன்று கபடி என்கிறோம். 1936ஆம் ஆண்டில் பெர்லின் ஒலிம்பிக் விழாவின்போது இந்தியர் அதனை ஆடிக் காட்டினர். 1990ஆம் ஆண்டில் பெய்ஜிங் நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலே அது பதக்கத்திற்குரிய ஆட்டமாயிற்று. 2014 முதல், மண் தரையை விட்டு விரிப்பின்மீது ஏறி, பெருஞ்செல்வர்கள் குழுக்களை நடத்த, தொலைக்காட்சி வாயிலாக நாடே பார்க்கும் ஆட்டமாகவும் வளர்ந்துவிட்டது. ஆயினும் ஆட்டத்தின் பெருமையைப் பேச இன்று நான் வரவில்லை. அந்த ஆட்டத்தில் ஒரு குழுவை நடத்திச் செல்பவனைப் பற்றி, அதிலும் ஒரு நாள் ஆட்டத்தோடு நில்லாமல் ஒரு பருவம் முழுவதும் நடத்திச் செல்பவனைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். உங்களுள் பலர் பள்ளியிலோ கல்லூரியிலோ ஒரு குழுவிற்குத் தலைவராக இருக்கிறீர்கள். இல்லையேல் நாளை ஆகப்போகிறீர்கள்.

காப்டன் என்ற சொல் நம் ஊர்களுக்கு வருமுன்பே அந்தப் பதவிக்கு நம்மிடம் ஒரு பெயர் இருந்தது. தாச்சி என்பது அப்பெயர். தாச்சிகள் இருவர் எதிர் எதிரே அமர்வார்கள். மற்றச் சிறுவர்கள், ஒருவனுக்கு ஒருவன் நிகரானவனாகப் பார்த்து, இரண்டு இரண்டு பேராகத் தோளில் கை போட்டுக்கொண்டு அப்பால் சென்று, தமக்குள் மறைவாக ஆளுக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள். ஒருவன் மாங்காய், ஒருவன் தேங்காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து, "மாங்காய் வேண்டுமா, தேங்காய் வேண்டுமா?" என்று கேட்பார்கள். தாச்சி ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயருக்கு உரியவன் யார் என்று அவனுக்குத் தெரியாது. வந்தவன் தனக்கு வேண்டியவனாக இருந்தாலும் சரி, நேற்றுச் சண்டை போட்டவனாக இருந்தாலும் சரி, அவன் இவன் கட்சியைச் சேர்ந்தவனாகிவிடுவான். இதற்கு உத்தி பிரித்தல் என்று பெயர்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் யாரோ, அவர்களுடைய அறிவை நான் எண்ணி எண்ணி வியந்ததுண்டு. இரு கட்சியும் சமமாகின்றன என்பது வெளிப்படையான நன்மை. அதனினும் பெரிய நன்மை ஒன்று உண்டு. தாச்சிக்குத் தன் ஆட்களைத் தானே பொறுக்கி எடுக்கும் உரிமை இல்லை. வந்தவர்களைக் கொண்டு ஆட வேண்டும், அவ்வளவே. தலைமையின் முதற்பாடம் அங்கேதான் தொடங்குகிறது. "எனக்கு நல்ல ஆட்கள் கிடைத்திருந்தால் நானும் வென்றிருப்பேன்" என்று சொல்லும் தலைவனுக்கு உத்தி பிரித்து ஆடிய பழக்கம் இல்லை என்றே நான் கருதுவேன்.

ஆனால் ஊர்ப் பெயரால் குழு கட்டிப் போட்டிக்குப் போகும்போது உத்தி பிரிப்பது கிடையாது. அங்கே பொறுக்கித்தான் எடுக்கிறார்கள். எப்படிப் பொறுக்குகிறார்கள்? இதனைச் சற்றுத் திறந்தே பேசிவிடுவோம். நம் ஊர்கள் தெருத் தெருவாகப் பிரிந்து கிடப்பவை. ஆற்றங்கரையிலே ஒரு தெரு, கோயிலைச் சுற்றி ஒரு தெரு, வயலுக்கு அப்பால் ஒரு தெரு. நடவுக்கும் அறுப்புக்கும் எல்லாத் தெருக் கைகளும் வேண்டும்; போட்டிக்குக் குழு எடுக்கும்போது மட்டும் ஒரு தெருவின் பிள்ளைகளே ஏழு இடங்களையும் நிரப்பிவிடுகிறார்கள். வயலுக்கு அப்பாலுள்ள தெருவிலே, ஒரே பிடியில் எதிராளியை மண்ணில் சாய்க்கும் பையன் ஒருவன் இருப்பான். அவன் வேலி ஓரமாக நின்று ஆட்டம் பார்த்துக்கொண்டிருப்பான். ஊர் தோற்றுவிட்டு வரும். தோல்வியின் காரணத்தை நடுவர்மீது சுமத்துவார்கள். வேலி ஓரத்தில் நின்றவனை யாரும் நினைக்கமாட்டார்கள். தாச்சி என்பவன் இந்த இடத்திலே ஒரு முடிவு செய்யக் கடமைப்பட்டவன். அந்த முடிவினால் வீட்டிலும் தெருவிலும் அவனுக்குச் சில கசப்பான வார்த்தைகள் கிடைக்கலாம். எதிரியின் பிடியைத் தாங்குகிறவனுக்கு இவற்றையும் தாங்கும் வலு இருக்க வேண்டும் அன்றோ?

இனி, ஆட்டத்தின் அமைப்பைச் சற்றுப் பார்ப்போம். ஏனெனில், தலைவன் எப்படி எண்ண வேண்டும் என்பதை அந்த ஆட்டமே கற்றுக் கொடுக்கிறது. ஆடவர் ஆடும் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. நடுவிலே ஒரு கோடு. ஒரு பக்கத்திற்கு ஏழு பேர் களத்தில் நிற்பார்கள். ஐவர் வெளியே காத்திருப்பார்கள். பாடிச் செல்பவனுக்கு 30 விநாடி. அதற்குள் எதிராளியைத் தொட்டு மீண்டால் தொடப்பட்டவன் வெளியேற வேண்டும். பிடிபட்டால் பாடியவனே வெளியேற வேண்டும். இருபது இருபது நிமிடங்களாக இரு பாதி. இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவையே. நான் உங்கள் கவனத்தை ஈர்க்க விரும்புவது வேறொரு விதி. வெளியேறியவன் அதோடு போய்விடுவதில்லை. தன் கட்சி எதிர்க்கட்சியில் ஒருவனை வெளியேற்றும்போது, இவன் திரும்பவும் களத்திற்கு வருகிறான். அதிலும், யார் முதலில் வெளியேறினானோ அவனே முதலில் வர வேண்டும்; முறை மாற்றி, வேண்டியவனை அழைத்துக்கொள்ள முடியாது.

கிரிக்கெட்டிலே ஆட்டமிழந்தவன் அந்த இன்னிங்சில் மறுபடியும் மட்டை பிடிப்பதில்லை. சதுரங்கத்திலே வெட்டுண்ட காய் பெட்டிக்குப் போய்விடும். சடுகுடுவிலே மட்டும், வெளியே அமர்ந்திருப்பவன் வரப்போகிறவன். ஆகவே நல்ல தாச்சி களத்தில் நிற்கும் நால்வரை எண்ணும்போதே வெளியே அமர்ந்திருக்கும் மூவரையும் வரிசையோடு எண்ணிக்கொண்டிருப்பான். "அடுத்து வரவேண்டியவன் இடப்பக்க மூலையில் நிற்பவன், அவன் வந்துவிட்டால் பிடி பலப்படும். அவனுக்கு அடுத்தவன் பாடுகிறவன், ஆகவே இரண்டு பேரை மீட்டாக வேண்டும்" என்றெல்லாம் அவன் மனக்கணக்கு ஓடும். ஏழு பேரும் வெளியேறிவிட்டால் எதிர்க்கட்சிக்கு மேலும் இரண்டு புள்ளிகள் சேரும். அதற்கு லோனா என்று பெயர். ஆனால் அப்பொழுதும் ஏழு பேரும் ஒன்றாக எழுந்து களத்திற்கு வருகிறார்கள். முழுத் தோல்வியின் அடுத்த நொடியிலே முழுப் பலமும் திரும்பிவிடுகிறது. அந்த நொடியில் தாச்சியின் முகம் எப்படி இருக்கிறது என்பதை நான் எப்போதும் கவனிப்பதுண்டு. தலை கவிழ்ந்து நுழைகிறவன் இன்னொரு லோனாவுக்கு வழி வகுக்கிறான்.

இதுவரை சொன்னது ஓர் ஆட்டத்தின் கணக்கு. பருவத்தின் கணக்கு வேறு.

பருவம் என்றால் என்ன? 2016ஆம் ஆண்டின் தொழில்முறைக் கபடித் தொடரிலே எட்டுக் குழுக்கள் ஒன்றோடொன்று இரு முறை மோதின. ஆகவே ஒவ்வொரு குழுவுக்கும் 14 ஆட்டங்கள். அவற்றைத் தாண்டி மேலே வந்தவர்களுக்கு அரையிறுதியும் இறுதியும். பின்னர்க் குழுக்கள் பன்னிரண்டாகப் பெருகியபோது ஆட்டங்கள் 22 ஆயின. அமெரிக்க நாட்டிலே பேஸ்பால் என்றொரு பந்தாட்டம் உண்டு. அங்கே பெருங்குழு ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஏறத்தாழ நாள்தோறும் ஆட்டம் என்றே சொல்லிவிடலாம். அத்தகைய குழுவை நடத்துபவரை மானேஜர் என்பார்கள். அவர்களுள் கான்னி மாக் என்று ஒருவர் இருந்தார். பிலடெல்பியா நகரத்துக் குழுவை 1901 முதல் 1950 வரை ஐம்பது பருவங்கள் நடத்தியவர் அவர். மற்ற மானேஜர்கள் ஆட்டக்காரரின் உடுப்பிலே அமர்ந்திருக்க, இவர் கோட்டும் கழுத்துப் பட்டையும் அணிந்து, கையில் புள்ளி குறிக்கும் அட்டையோடு அமர்ந்திருப்பார். அந்த அட்டையை இப்படியும் அப்படியும் அசைத்தே களத்தில் நிற்பவர்களை இடம் மாற்றுவார். பேஸ்பால் வரலாற்றில் மிக அதிகமான வெற்றிகளைப் பெற்ற மானேஜர் அவரே: 3,731 வெற்றிகள். மிக அதிகமான தோல்விகளைப் பெற்ற மானேஜர் யார் தெரியுமா? அவரும் அவரே: 3,948 தோல்விகள்! உலகத் தொடர் என்னும் பெரும் பரிசை ஐந்து முறை வென்றவர்தாம். 1915 முதல் 1921 வரை தொடர்ந்து ஏழு பருவங்கள் கடைசி இடத்திலே கிடந்தவரும் அவர்தாம்.

இந்த எண்களைக் கேட்டதும் சிலர் நகைக்கலாம். தோற்றது மிகுதி, வென்றது குறைவு, இவருக்கா புகழ் என்று கேட்கலாம். நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். நாலாயிரம் முறைக்குச் சற்றுக் குறையத் தோற்றும், மறுநாட் காலையில் அதே அட்டையை எடுத்துக்கொண்டு களத்திற்கு வந்த மனிதர் அவர். நேற்றைய தோல்வியைச் சுமந்துகொண்டே வந்திருந்தால் ஒரு பருவத்தைக் கூட அவர் முடித்திருக்க முடியாது. (அந்தக் குழுவில் அவருக்கு உரிமைப் பங்கும் இருந்தபடியால் அவரை நீக்குவார் எவரும் இல்லை என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிட வேண்டும். எல்லாத் தலைவர்களுக்கும் அந்த வசதி கிட்டுவதில்லை.)

நம் நாட்டுக்கு வருவோம். அரியானாவைச் சேர்ந்த அனூப் குமார் என்பவரை உங்களுள் பலர் அறிந்திருப்பீர்கள். மும்பைக் குழுவிற்கு அவர் தலைமை வகித்தார். 2014ஆம் ஆண்டில் இறுதியாட்டம் வரை வந்து ஜெய்ப்பூரிடம் 35க்கு 24 என்ற கணக்கில் தோற்றார். 2015இல் மீண்டும் இறுதிக்கு வந்து பெங்களூரை 36க்கு 30 என்று வென்றார். அதற்கு அடுத்த தொடரில் மூன்றாம் முறையாக இறுதிக்கு வந்து பாட்னாவிடம் 31க்கு 28 என்று தோற்றார். மூன்று இறுதியாட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. ஆனால் மூன்று தொடர்களிலும் இறுதிவரை ஒரு குழுவைக் கட்டிக்கொண்டு வந்தது சிறிய செயலா?

அதே அனூப் குமார் 2016ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பைக்கு இந்தியக் குழுவின் தலைவரானார். கபடி நம் சொந்த ஆட்டம் அன்றோ. வெல்வதில் ஐயமென்ன என்று எல்லோரும் இருந்தனர். தொடக்க ஆட்டத்திலேயே தென் கொரியா 34க்கு 32 என்று இந்தியாவை வென்றுவிட்டது! சொந்த மண்ணிலே, சொந்த ஆட்டத்திலே, முதல் நாளே தோல்வி. நாடெங்கும் வசை எழுந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுமோ? ஆனால் இது ஒரு நாள் ஆட்டமன்று, ஒரு தொடர் என்பதைத் தலைவர் மறக்கவில்லை. குழு அதன்பின் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. இறுதியாட்டத்திலே முற்பாதியில் ஈரான் 18க்கு 13 என்று முந்தி நின்றது. பிற்பாதியில் அஜய் தாக்கூர் பாடிப் பாடிப் புள்ளிகளைக் குவிக்க, 38க்கு 29 என்று இந்தியா கோப்பையை வென்றது.

அந்த உலகக் கோப்பைக் குழுவிலே நம் மாவட்டத்தார் ஒருவர் இருந்தார். கல்லணைக்கும் திருவையாற்றுக்கும் இடையே, குடமுருட்டி காவிரியிலிருந்து பிரியும் பகுதியில் திருக்காட்டுப்பள்ளி என்ற ஊர் இருக்கிறது. அவ்வூரைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் அப்போது 41 வயதினர். முழங்கால் தேய்ந்து ஆட்டக்காரர்கள் விலகிவிடும் ஒரு விளையாட்டிலே நாற்பத்தொரு வயது என்பது எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். ஆட்ட வட்டாரத்தில் அவரை 'அண்ணா' என்றே அழைத்தனர். வடநாட்டு இளைஞர்களும் தமிழிலேயே 'அண்ணா' என்பார்களாம்!

நான் உங்களுக்குக் குறிப்பாகச் சொல்ல விரும்புவது அதற்கு மூன்று மாதம் முன்பு நடந்தது. அவ்வாண்டுத் தொடரிலே பாட்னாக் குழுவிற்குச் சேரலாதன் தலைவராக இருந்தார். குழுவின் ஒப்பற்ற ஆட்டக்காரர் அவர் அல்லர். பிரதீப் நர்வால் என்ற பத்தொன்பது வயது இளைஞர். தலைவர் பிடிக்கும் வரிசையில் நிற்பவர்; நர்வால் பாடிச் செல்பவர். மக்கள் ஆரவாரம் எல்லாம் பாடிச் செல்பவருக்கே உரியது என்பது உங்களுக்குத் தெரியும். பிடிக்கும் வரிசையிலே ஈரான் நாட்டு ஃபாசல் அத்ராச்சலி. ஆக, காவிரிக் கரையிலிருந்து வந்த ஒரு தலைவர், கங்கைக் கரை நகரத்தின் பெயரால், அரியானா இளைஞரையும் பாரசீக வீரரையும் சேர்த்து நடத்த வேண்டியிருந்தது. மொழி ஒன்றில்லை, உணவு ஒன்றில்லை. 2016 ஜூலை 31ஆம் நாள் ஐதராபாத்தில் நடந்த இறுதியாட்டத்தில் ஜெய்ப்பூரை 37க்கு 29 என்று வென்று பாட்னா கோப்பையைப் பெற்றது. அதில் நர்வால் மட்டும் 16 புள்ளிகள் எடுத்தார். மறுநாள் அவர் பெயரே எங்கும் பேசப்பட்டது. தன்னிலும் இருபது வயது இளையவனுடைய புகழின் நிழலில் நின்று, அந்தப் புகழ் குறையாதபடி பின்னால் அரண் காப்பது எளிதான காரியமா? அது இயலாதவர்கள் தலைமைக்கு ஆசைப்படக் கூடாது. ஜூலையிலே அவரோடு கைகோத்து நின்ற அத்ராச்சலி அக்டோபரிலே ஈரான் குழுவில் இருந்தார் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

தலைவன்தான் குழுவிலே முதல் ஆட்டக்காரனாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சென்னை மாகாணக் கிரிக்கெட் குழு முதன்முதலாக ரஞ்சிக் கோப்பையை வென்றது 1954-55ஆம் பருவத்தில். அந்தக் குழுவில் ஏ. ஜி. கிருபால் சிங் ஓட்டங்களைக் குவித்தார். இந்தூரில் நடந்த இறுதியாட்டத்திலே ஓல்கார் குழு எதிரே நின்றது. அதற்கு முன் நான்கு முறை கோப்பை வென்ற குழு அது. கிருபால் சிங் இரண்டு இன்னிங்சிலும் முறையே 75, 91 எடுத்தார். சென்னை 46 ஓட்டங்களில் வென்றது. தலைவர் யார்? வத்தலக்குண்டைச் சேர்ந்த பாலு அழகனன். அவர் ஆடிய முதல் தர ஆட்டங்களைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம். பின்னாளில் வானொலியிலே கிரிக்கெட் வர்ணனை செய்தவர் என்றே பலர் அவரை நினைவில் வைத்திருந்தனர். தம்மினும் சிறந்த ஆட்டக்காரர்களை ஒரு பருவம் முழுவதும் ஒன்றுபடுத்தி வைத்திருந்தார். அது அவருடைய ஆட்டம்.

பருவத்தை நடத்துகிறவனுக்குக் கணக்கறிவும் வேண்டும். தொழில்முறைத் தொடரின் முதற் பல பருவங்களில் ஒரு விதி இருந்தது. வென்றால் ஐந்து புள்ளி, சமமானால் மூன்று. தோற்றாலும், ஏழு அல்லது அதற்குக் குறைந்த வேற்றுமையில் தோற்றால் ஒரு புள்ளி உண்டு. இந்த ஒற்றைப் புள்ளியைச் சிறுமையாக எண்ணிய குழுக்கள் பருவ முடிவிலே அதற்காக ஏங்கியதுண்டு. ஐந்து நிமிடம் மீதி இருக்கிறது, பத்துப் புள்ளி பின்தங்கியிருக்கிறோம், வெற்றி இனி இல்லை. அப்போது சோர்ந்த குழு பதினைந்தில் தோற்கும். வீம்பு பிடித்த குழு ஒரேயடியாக வென்றுவிடப் பாய்ந்து இருபதில் தோற்கும். தலைவன் இருந்தால், "மூன்றைக் குறைப்போம்" என்பான். எட்டாந் தோல்வியிலே சம்பாதித்த ஒரு புள்ளி பதினான்காம் ஆட்டத்தின்போது பயன்படும். பள்ளி மாணவர்களாகிய உங்களுக்கு இந்தக் கணக்கு புதிதன்று. ஒரு பாடத்தில் முதன்மை வராதென்று தெரிந்தால் அந்தப் பாடத்தையே மூடி வைத்துவிடுகிறீர்களா என்ன?

இன்னொன்று. தொடர்ந்து இரு முறை பாடியும் புள்ளி கிட்டாவிட்டால், மூன்றாம் முறை பாடுபவன் புள்ளியோடு திரும்பியே ஆக வேண்டும். இல்லையேல் வெளியேற வேண்டும் என்பது அந்தத் தொடரின் விதி. அந்த மூன்றாம் முறைக்கு யாரை அனுப்புவது? சிறந்தவனை அனுப்பினால் அவனை இழக்க நேரிடும். எளியவனை அனுப்பினால் அவன் போவது நிச்சயம் போலத் தோன்றும். சில தலைவர்கள் எப்பொழுதும் ஒரே இளைஞனைப் பலியாடு போல அனுப்பிக்கொண்டிருப்பார்கள். இரண்டு மூன்று ஆட்டங்களுக்குப் பின் அந்த இளைஞன் தான் எதற்காகக் குழுவில் இருக்கிறோம் என்பதைப் புரிந்துகொள்கிறான். பிறகு அவன் ஆடமாட்டான். களத்தில் நிற்பான், அவ்வளவே. வடுவூர் முதலிய, கபடிக்குப் பேர்போன நம் பக்கத்து ஊர்களில் வெளியே நின்று பார்க்கும் முதியவர்கள் கூட இதைக் கண்டுகொள்வார்கள். "பையன் மனசு விட்டுப் போச்சு" என்பார்கள். தலைவனுக்கு மட்டும் தெரியாது.

வெளியே காத்திருக்கும் ஐவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் உழவர் நடவு முடிந்ததும் வயல் மூலையிலே ஒரு பிடி நாற்றை நெருக்கமாக ஊன்றி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நண்டு வெட்டியோ நீர் தேங்கியோ பயிர் போன இடங்களில் அதை எடுத்து நடுவார்கள். அந்த நாற்றுக்கும் தண்ணீர் உண்டு, காவலும் உண்டு. மிச்சம் என்று அதை வரப்பிலே எறிந்துவிட்டால் பிறகு தேடினாலும் கிடைக்காது. காத்திருக்கும் ஐவருக்கு ஒரு நாளும் ஆட்டம் கொடுக்காமல், பயிற்சியிலும் பந்தோபஸ்து வேலை பார்க்கச் சொல்லிவிட்டு, அடிபட்ட அன்று மட்டும் "இறங்கு" என்றால் அவர்கள் எப்படி ஆடுவார்கள்?

அடிபடுவது என்றேன். இது விளையாட்டல்ல. இரவு முழுவதும் விளக்கொளியில் நடக்கும் நம் ஊர்ப் போட்டிகளில் ஒரே குழு ஒரே இரவில் நான்கைந்து ஆட்டங்கள் ஆடிவிடும். நள்ளிரவிலே ஒரு பையன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். ஒரு துணியைச் சுற்றிக் கட்டி, "இன்னும் ஒரு ஆட்டந்தானே, பல்லைக் கடித்துக்கொள்" என்று இறக்குவார்கள். விடியும்போது கோப்பை கிடைத்திருக்கும். அந்தப் பையன் அடுத்த தையில் வரமாட்டான். அதற்கடுத்த தையிலும் வரமாட்டான். குறுவை நடவுக்குக் குனிய முடியாத கால் அவனுக்கு மிஞ்சியிருக்கும். தலைவன் ஒருவன் செய்யக்கூடிய கொடுமைகளில் இதனினும் பெரியதை நான் அறியேன். கோப்பை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் என்ன?

அடிபட்டவனை வெளியே வைத்துவிட்டால் குழு அழிந்துவிடும் என்று அஞ்சுவோருக்கு 2022ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். தமிழ் தலைவாஸ் என்ற பெயரால் நம் மாநிலத்திற்கு உரிய குழு 2017இல் தோன்றியது. தோன்றிய நாள் முதல் கீழ்வரிசையிலேயே கிடந்தது. 2022ஆம் பருவத்திற்காகப் பவன் செராவத் என்ற வீரரை ஏலத்திலே இரண்டு கோடியே இருபத்தாறு லட்சம் ரூபாய்க்கு எடுத்தார்கள். அத்தொடரில் அதுவரை எவருக்கும் கொடுக்கப்படாத விலை அது. தலைமையும் அவருக்கே. முதல் ஆட்டம், குஜராத் குழுவோடு. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே முழங்காலில் அடிபட்டுச் செராவத் வெளியே தூக்கிச் செல்லப்பட்டார். அந்தப் பருவத்தில் அவர் மீண்டும் ஆடவில்லை. பருவத்தின் நடுவிலே பயிற்சியாளரும் மாறினார். அஷன் குமார் பொறுப்பேற்றார். செராவத்தின் இடத்திலே தலைமை சாகர் ராதி என்ற இளைஞரிடம் வந்தது. அதுவரை பெயர் அறியப்படாத நரேந்தர் என்ற புதியவர் பாடிச் செல்லும் பொறுப்பைத் தோளில் ஏற்றார். விலை மிகுந்த ஒருவரை நம்பி வகுத்த திட்டம் எல்லாம் முதல் நாளே மண்ணாகிவிட்ட அந்தக் குழு, தன் வரலாற்றில் முதன்முறையாக இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தது. அங்கே உத்தரப் பிரதேசக் குழுவோடு 36க்கு 36 என்று சமமாக நின்று, சமநிலை முறிக்கும் ஆட்டத்தில் 6க்கு 4 என்று வென்றது. அரையிறுதியில் புனேயிடம் 39க்கு 37 என்று, இரண்டே புள்ளியில் தோற்றது.

அதற்கு அடுத்த பருவத்தில் பயிற்சியாளர் அவரே. ஆட்டக்காரரிற் பெரும்பாலோரும் அவர்களே. ஆனால் முதல் ஆறு இடங்களுக்குள் அவர்களால் வர இயலவில்லை. மேட்டூர் அணை ஜூன் 12ஆம் நாள் திறக்கும் ஆண்டும் உண்டு, திறவாத ஆண்டும் உண்டு என்று அறிந்த நம் மாவட்டத்தார்க்கு இது வியப்பாக இராது.

முடிப்பதற்கு முன் ஒரு சிறு காரியம் பற்றிச் சொல்ல வேண்டும். பருவம் முடிந்து, பரிசுப் பணம் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பங்கிடுவது தாச்சியின் கடைசி வேலை. ஆடிய ஏழு பேருக்கு மட்டும் கொடுப்போம் என்று ஒருவன் சொல்வான். புள்ளி எடுத்தவனுக்கு இரண்டு பங்கு என்று இன்னொருவன் சொல்வான். குழுவை வண்டி வைத்து அழைத்துச் சென்ற செலவை யார் தருவது என்று மூன்றாமவன் கேட்பான். முதலில் வண்டிச் செலவையும், அடிபட்டவனுக்கு மருத்துவச் செலவையும் எடுத்து வையுங்கள். மிஞ்சியதைப் பன்னிரண்டாகப் பிரியுங்கள். உங்கள் பங்கைக் கடைசியில் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கை ஒரு காகிதத்தில் எழுதி எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். அடுத்த ஆண்டு குழு கூடும்போது முதலில் கேட்கப்படுவது அந்தக் காகிதம்தான்.